விவேக் கைது செய்தால் கோர்ட்டில் கேஸ் நிற்குமா? பாக்கெட் நாவல் போலீஸை மீண்டும் படித்த திருநள்ளாறு ரசிகர்கள்

தமிழ் துப்பறியும் கதைகளில் ஒரு விசித்திரம் உண்டு. துப்பறிகிறவர்களில் போலீஸ்காரர்கள் ரொம்பக் குறைவு.

சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் வக்கீல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலாவும், சுபாவின் நரேந்திரன் - வைஜெயந்தியும் தனியார் துப்பறியும் நிறுவனக்காரர்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலும் தனியார்தான். தேவனின் சாம்புவோ பேங்க் குமாஸ்தாவாக இருந்து, அதிர்ஷ்டத்தின் தயவில் துப்பறிவாளர் ஆனவர். இந்தக் கதைகளில் இன்ஸ்பெக்டர் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் விலங்கோடு வருபவர். அல்லது, ஹீரோ சொல்வதைக் கேட்டு வியப்பவர்.

இந்த வரிசையில் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பல ஆண்டுகள், பல நூறு கதைகளில் துப்பறிந்த ஒருவர் என்றால் உடனே நினைவுக்கு வருவது ராஜேஷ்குமாரின் விவேக்.

அந்த விவேக்கை இப்போது மீண்டும் எடுத்துப் படித்தால் எப்படி இருக்கும்? காரைக்கால் மாவட்டம் திருநள்ளாற்றில் நாங்கள் ஆறு பேர் சில வாரங்களாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் கூடுவோம். சனிக்கிழமை இந்த ஊரில் வேறு எதையும் வைத்துக்கொள்ள முடியாது; சனீஸ்வரனைப் பார்க்க வரும் கூட்டத்தில் தெருவைக் கடப்பதே பெரிய பாடு.

பழைய ஞாபகத்துக்காக ஆரம்பித்த படிப்பு, கொஞ்ச நாளில் வேறு ஒரு கேள்வியில் வந்து நின்றது. 'நாவலில் போலீஸ் செய்ததில் எவ்வளவு சட்டப்படி சரி?' அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த விவேக்?

கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமாரின் இயற்பெயர் கே.ஆர்.ராஜகோபால். 1960-களின் கடைசியில் சிறுகதை எழுத ஆரம்பித்தவர். இதுவரை எழுதிய நாவல்கள் 1,500-ஐத் தாண்டும். அவருடைய தொடர் கதாபாத்திரங்களில் முதலிடம் குற்றப்பிரிவு அதிகாரி விவேக்குக்கு. மனைவி ரூபலா, உதவியாளர் விஷ்ணு. விவேக் யோசிப்பார், விஷ்ணு கலாய்ப்பார், ரூபலா இடையில் ஒரு கேள்வி கேட்டுக் கதையைத் திருப்புவார்.

கதை சொல்லும் முறையும் ஏறக்குறைய ஒரு முத்திரைதான். முதல் அத்தியாயத்தில் ஓர் ஊர், ஒரு குடும்பம். இரண்டாவதில் சம்பந்தமே இல்லாத வேறு ஊர், வேறு ஆட்கள். மாறி மாறி இரண்டு தண்டவாளத்தில் ஓடும் கதை, கடைசிச் சில பக்கங்களில் ஒரே ஸ்டேஷனில் வந்து நிற்கும். அந்த இணைப்பு எங்கே என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் வாசகனின் விளையாட்டு.

இந்த உத்தி இன்றைக்கும் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி, எங்கள் குழுவிலேயே வயதில் சின்னவரான ஐடி ஊழியர். அவர் பிறப்பதற்கு முன்பு வந்த புத்தகம் அது. படித்து முடித்துவிட்டு, "அண்ணே, இது அப்படியே வெப் சீரிஸ் எடிட்டிங்ண்ணே. ரெண்டு டைம்லைன், எபிசோட் முடிவுல ஒரு ஹூக்" என்றார். 2017-ல் அறிவழகன் இயக்கத்தில் அருண் விஜய் நடித்து வந்த 'குற்றம் 23' படத்தின் கதை ராஜேஷ்குமாருடையது என்று சொன்னதும், "அதான் பார்த்தேன்" என்று சிரித்தார்.

பாக்கெட் நாவல் எப்படி வேலை செய்தது?

இதைப் புரிந்துகொள்ள, போன் இல்லாத ஒரு பஸ் பயணத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

1969-ல் 'ராணி முத்து' வந்தபோதே, ஒரு முழு நாவலை மாத இதழ் மாதிரி மலிவு விலையில் கொடுக்கலாம் என்ற வழி திறந்துவிட்டது. பிறகு குமுதம் குழுமத்தின் 'மாலைமதி' வந்தது. 1980-களில் ஜி.அசோகன் போன்ற பதிப்பாளர்கள் 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' என்று ஒரு தனி உலகத்தையே உருவாக்கினார்கள். நியூஸ்பிரிண்ட் தாள், வழவழ அட்டை, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய கதை.

விற்ற இடம் புத்தகக் கடை அல்ல. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாலில் அடுக்கியிருக்கும். மயிலாடுதுறையில் வாங்கினால் காரைக்கால் வருவதற்குள் கொலைகாரன் மாட்டிவிடுவான். வாங்கியவர் படித்ததும் பக்கத்து வீடு, அப்புறம் வாடகை நூலகம், கடைசியில் பழைய பேப்பர் கடை. ஒரு பிரதியைப் பத்துப் பேர் படித்தது சாதாரணம்.

இந்த முறைதான் எழுத்தின் வடிவத்தையும் தீர்மானித்தது. பக்கம் குறைவு, அதனால் முதல் பக்கத்திலேயே பிணம் விழ வேண்டும். பயணத்தில் படிப்பவர் எந்த நிமிஷமும் இறங்கலாம், அதனால் அத்தியாயம் சின்னதாக இருக்க வேண்டும். மாதா மாதம் புத்தகம் வர வேண்டும், அதனால் வாசகனுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு துப்பறிவாளர் வேண்டும். விவேக்கை ஒவ்வொரு முறையும் அறிமுகப்படுத்த அவசியமில்லை. தொடர் கதாபாத்திரங்கள் நிலைத்ததில் ரசிகர்களின் அன்புக்குப் பங்கு உண்டு. பக்கக் கணக்குக்கும் பங்கு உண்டு.

டெல்டாவுக்கும் துப்பறிதலுக்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் ஊர்ப் பெருமை. தமிழ் துப்பறியும் கதையின் வரலாற்றில் காவிரிக் கரைக்குப் பெரிய இடம் உண்டு. ஜே.ஆர்.ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனை வைத்து எழுதிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, 'திகம்பர சாமியார்' என்ற பாத்திரத்தைக் கொடுத்தவர் வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார். வடுவூர், மன்னார்குடி பக்கம். சாம்புவைப் படைத்த தேவன் திருவிடைமருதூர்க்காரர். பட்டுக்கோட்டை பிரபாகரின் ஊர் அவர் பெயரிலேயே இருக்கிறது.

காரைக்காலுக்கு இன்னொரு தொடர்பும் சொல்லலாம். உலகின் மிகப் புகழ்பெற்ற போலீஸ் துப்பறிவாளர்களில் ஒருவர், பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட கமிஷனர் மெக்ரே. ஜார்ஜ் சிமனோன் 1931-லிருந்து 1972 வரை இவரை வைத்து 75 நாவல்களும் 28 சிறுகதைகளும் எழுதினார். அந்தக் காலத்தில் பாதிக்கும் மேல் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 வரைக்கும். இன்றைக்கும் இங்கே கான்ஸ்டபிள் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பி அந்தக் காலத்தின் மிச்சம். நாகப்பட்டினத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

மெக்ரேவுக்கும் விவேக்குக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம். மெக்ரே பைப் புகைத்தபடி சந்தேக நபரின் வீட்டில் உட்கார்ந்திருப்பார். 'இவன் ஏன் இப்படி ஆனான்' என்று யோசிப்பார். ஸ்வீடனில் மாய் ஹுவால், பேர் வாலோ இருவரும் 1965 முதல் 1975 வரை எழுதிய மார்ட்டின் பெக் வரிசையின் பத்து நாவல்களும் இன்னொரு ரகம். அங்கே போலீஸ் துறையே கேள்விக்கு உள்ளாகும். நம் பாக்கெட் நாவலுக்கு இந்த இரண்டுக்கும் நேரமில்லை. கொலை, துப்பு, திருப்பம், கைது. அவ்வளவுதான்.

மீண்டும் படித்தபோது எது நின்றது, எது உதிர்ந்தது?

எங்கள் விதி எளிமையானது. ஆளுக்கு ஒரு புத்தகம். படித்துவிட்டு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: இன்றைக்கும் பிடித்தது எது, இன்றைக்கு உறுத்தியது எது.

பிடித்தவற்றில் முதலிடம் வேகத்துக்கு. அடுத்தது, அந்தக் காலத்தின் தடயங்கள். எஸ்.டி.டி. பூத், டிரங்க் கால், டெலிகிராம், லேண்ட்லைன் ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம். செல்போன் இருந்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே முடிந்துபோயிருக்கும் கதைகள் எத்தனையோ. 1980-களில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஹால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? வரலாற்றுப் புத்தகத்தைவிட இந்த நாவல்கள் நன்றாகச் சொல்லும்.

உறுத்தியவற்றில் முதலில் வந்தது பெண்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் டீச்சர். "அந்தக் காலத்துல இதையெல்லாம் நோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிச்சேன். அட்டைப்படத்தைப் பார்த்தா அம்மா திட்டுவாங்க. இப்போ படிக்கும்போது ஒண்ணு தோணுது தம்பி. செத்துப்போற பொண்ணோட அழகைப் பத்தி ஒரு பாரா இருக்கு. அவ என்ன வேலை பார்த்தா, அவளுக்கு என்ன பிடிக்கும்னு ஒரு வரி இல்லை" என்றார். இது ஒரு எழுத்தாளர் மீதான புகார் அல்ல. அந்தச் சந்தை முழுவதற்குமே பொருந்தும் என்று அவரே சேர்த்துச் சொன்னார். சுசீலா, வைஜெயந்தி, ரூபலா என்று கூடவே துப்பறிகிற பெண்களை அதே நாவல்கள்தான் கொடுத்தன என்பதையும்.

இரண்டாவது உறுத்தல்தான் பேச்சைத் திசைதிருப்பியது. ஸ்டேஷன் காட்சிகள்.

விவேக் பெரும்பாலும் மூளையால் ஜெயிக்கிறவர். ஆனால், க்ரைம் கதைகளிலும் சினிமாவிலும் ஒரு வழக்கமான காட்சி உண்டு. சந்தேக நபர் உண்மையைச் சொல்ல மறுப்பான். 'உரிய முறையில்' விசாரித்ததும் சொல்லிவிடுவான். வாசகன் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான்.

குழுவில் அதிகம் பேசாத ஒருவர் உண்டு. மினி பஸ் ஓட்டியவர், இப்போது அறுபதை நெருங்குகிறார். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக விவேக் படித்தவர் அவர்தான். அன்றைக்கு, "நான் அந்தப் பக்கத்தை மட்டும் படிக்க மாட்டேன். எப்பவுமே தாண்டிடுவேன்" என்றார். ஏன் என்று கேட்டோம். இருபது வயதில், வேறொரு ஊரில், முதலாளி வீட்டில் காணாமல் போன ஒரு சங்கிலிக்காக இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்களாம். சங்கிலி பிறகு அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. "அடி வாங்குனா யாரும் எதையும் ஒத்துக்குவாங்க தம்பி. நானும் ஒத்துக்கிட்டேன்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம், காரைக்கால் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்யும் வக்கீல் நண்பர் ஒரு பேப்பரை எடுத்தார். "சரி, நாவல்ல வர்ற ஒவ்வொண்ணையும் சட்டத்தோட வச்சுப் பார்ப்போம்" என்றார். அந்தப் பட்டியல் இதோ.

நாவலும் சட்டமும்: எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது?

ஒரு முன்குறிப்பு. காரைக்கால் போலீஸ் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் கீழ் வருகிறது. பத்து நிமிஷம் வண்டி ஓட்டினால் தமிழ்நாடு போலீஸ் எல்லை. ஆனால் குற்றவியல் நடைமுறை இரண்டு பக்கமும் ஒன்றுதான். மேல்முறையீட்டுக்கு இரண்டு தரப்பும் போவதும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதில் மூன்று புதிய சட்டங்கள் அமலில் உள்ளன. நடைமுறைக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம், குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா.

1. 'எல்லாத்தையும் சொல்லிடறேன் சார்': கடைசி அத்தியாயத்தில் வில்லன் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம்தான் பாதி நாவல்களின் கிளைமாக்ஸ். சட்டப்படி அது செல்லாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. முன்பு இது சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. இப்போது புதிய சட்டத்தின் 23-வது பிரிவு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், உதாரணமாகப் புதைத்த கத்தி, அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். முறையான ஒப்புதல் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்தான் பதிவு செய்ய வேண்டும்.

இந்தப் பிரிவு ஏன் இருக்கிறது? மினி பஸ் அண்ணன் சொன்ன காரணம்தான். அடித்தால் யாரும் எதையும் ஒத்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே புரிந்துகொண்ட விஷயம் இது.

2. 'ரெண்டு நாள் வச்சு விசாரிங்க': கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அரசியலமைப்பின் 22-வது பிரிவும் இதையே சொல்கிறது. 'கைது பண்ணலை, சும்மா விசாரணைக்குத்தான்' என்று நாள் கணக்கில் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டளைகளும் உண்டு. கைது குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்.

3. 'ராத்திரியே அந்தப் பொண்ணைத் தூக்கிட்டு வாங்க': சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். சாட்சியாக விசாரிப்பதானாலும், பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் போக வேண்டும்.

4. உண்மை அறியும் ஊசி: க்ரைம் கதைகளுக்குப் பிடித்த விஷயம். 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ அனாலிசிஸ், பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை எதையும் நடத்தக் கூடாது.

5. தடயம்: இங்கே நாவல் பக்கம் கொஞ்சம் ஜெயிக்கிறது. அறிவியல் தடயங்களை வைத்துக் குற்றவாளியை நெருங்குவது அந்தக் காலத்திலேயே ராஜேஷ்குமார் கதைகளில் வரும். புதிய சட்டம் இப்போதுதான் அதைக் கட்டாயமாக்கும் பாதையில் போகிறது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். ஸ்டேஷன்களில் சிசிடிவி கேமரா இருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு.

கதைதானே, இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஐடி தம்பி. நியாயமான கேள்வி. ஜேம்ஸ் பாண்ட் லைசென்ஸ் எடுத்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆனால், கதையில் நமக்குப் பழகிப்போகும் ஒன்று நிஜத்தில் நம்மை அதிர வைக்காது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளி, ஒரு பக்தரின் நகை காணாமல் போன புகாருக்காக விசாரிக்கப்பட்டு இறந்தார். இரண்டு வழக்குகளும் சிபிஐ-க்குப் போயின. இரண்டு முறையும் தமிழகம் கொதித்தது. அதே சமயம், 'தப்பு பண்ணியிருப்பான், அதான் அடிச்சிருப்பாங்க' என்று சொன்னவர்களும் நம் வாட்ஸ்அப் குரூப்களிலேயே இருந்தார்கள்.

மடப்புரம் செய்தி வந்தபோது இங்கே பலருக்குத் தூக்கமில்லை. திருநள்ளாறும் கோயில் ஊர்தான். நளன் குளத்தங்கரையில், கார் பார்க்கிங்கில், செருப்பு ஸ்டாண்டில் வேலை செய்யும் பையன்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சங்கிலி காணாமல் போவது அபூர்வமான விஷயமும் அல்ல.

பாக்கெட் நாவல்கள்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அபத்தம். நல்ல போலீஸ் அதிகாரி எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு முதலில் காட்டியதும் இந்த நாவல்களே. வக்கீல் சார் அதை அழகாகச் சொன்னார்: "விவேக்கை நமக்கு ஏன் பிடிச்சுது? அவர் யோசிச்சுக் கண்டுபிடிச்சார். அடிச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கு எதுக்குங்க துப்பறியும் நாவல்?"

நீங்களும் மீண்டும் படிக்க வேண்டுமானால்?

நியூஸ்பிரிண்ட் தாள் அமிலத்தன்மை உள்ளது. முப்பது, நாற்பது வருஷத்தில் மஞ்சளாகி, தொட்டால் உடையும். கடற்கரை ஈரக்காற்று அடிக்கும் எங்கள் பக்கம் இன்னும் சீக்கிரம். அதனால் வீட்டுப் பரணில் கட்டு இருந்தால் இப்போதே இறக்கிப் பாருங்கள். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டாமல், காற்றோட்டமான, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பழைய தமிழ் அச்சுப் பிரதிகளைப் பாதுகாப்பதற்கென்றே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இயங்குகிறது. பெரிய சேகரிப்பு இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அவர்களைக் கேட்கலாம்.

புத்தகம் கையில் இல்லையா? ராஜேஷ்குமார், பிரபாகர், சுபா ஆகியோரின் பல நாவல்கள் மின்னூலாகக் கிடைக்கின்றன. தமிழ் தெரியாத நண்பருக்குக் கொடுக்க, சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு இருக்கிறது. ப்ரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்த்தது. டெலிகிராமில் சுற்றும் ஸ்கேன் பிடிஎஃப்கள் வேண்டாம். இந்தியாவில் காப்புரிமை, எழுத்தாளர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். 1942-ல் மறைந்த வடுவூராரின் கதைகளையும், 1957-ல் மறைந்த தேவனின் சாம்புவையும் தாராளமாகப் பகிரலாம். விவேக்கை அப்படிப் பகிர முடியாது.

நான்கைந்து பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. தனியாகப் படித்தால் கொலைகாரன் யார் என்று மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் படித்தால், எந்தப் பக்கத்தை யார் தாண்டிப் போனார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் குழுவின் அடுத்த வாரப் புத்தகத்தை மினி பஸ் அண்ணன்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். இந்த முறை எந்தப் பக்கத்தையும் தாண்டப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.